பி ஏழு

கல்லில் துளை போடுகிறவன் நான் இல்லை.
சிவப்புக் கொடி பிடிக்கிறவன்.
ராகலைக்கு மேலே, மூன்றாம் வளைவில்
வேன்காரனும் பால்காரனும்
என் கை தாழும் வரைக்கும் நிற்பார்கள்.
நாளைக்கு இரண்டு தடவை
ரோட்டு எனக்குக் கட்டுப்படும்.
பனி இறங்கினால் கொடி எனக்கே தெரியாது.

சுமனதாசவின் மேல் பாறை சரிந்த மறுவாரம்
பணியகத்திலிருந்து ஒரு நோனா வந்தார்.
அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடம் தந்து
பிடிங்க என்றார்.
வெடிமுகத்திலிருந்து லயத்துக் கடைசிக் காம்பரா வரை
இருநூற்றுப் பன்னிரண்டு மீற்றர்.
முந்நூறு வேண்டுமாம்.
சங்கு எங்கே என்றார்.
தகரத்தைக் காட்டினேன்,
அடித்தும் காட்டினேன்.
எழுதிக்கொண்டார்.
மறுநாள் கேற்றில் பூட்டு.

கம்பனி புதுக்கடைக்குப் போனது.
பூட்ட இவருக்கு என்ன அதிகாரம்?
நாடாவை எங்கே வைத்துத் தொடங்கினார்?
பிறகு, குடியிருப்பு என்ற சொல்லுக்குள்
லயம் அடங்குமா?
என் அப்பா பிறந்ததும் செத்ததும் அந்தக் காம்பராவில்.
அது வீடுதானா என்று
இரண்டு சட்டத்தரணிகள்
இன்னும் பேசி முடிக்கவில்லை.

பூட்டு விழுந்த பதினெட்டாம் நாள்
மனேஜர் ஜீப்பில் வந்தார்.
சத்தியக்கடதாசி, சிங்களத்தில்.
"வெடிக்கு முன் சங்கு மூன்று முறை ஊதப்படுகிறது."
தமிழில் சொல்லித்தான் காட்டினார்.
ஏமாற்றினார் என்று சொல்ல எனக்கு வாயில்லை.
கடைப் பாக்கி ஒன்பதாயிரம்,
மகளுக்குச் சப்பாத்து,
பதினெட்டு நாள்.
சமாதான நீதவான் பேனையை நீட்டினார்.
அருணகிரி என்று முழுசாக எழுதினேன்.

இப்போது நான் பி ஏழு.
கொழும்பில் ஒரு ஃபைலுக்குள் இருந்து
இல்லாத சங்கை ஊதிக்கொண்டிருக்கிறேன்.

விசாரணை ஒக்டோபருக்குப் போய்விட்டது.
அதுவரைக்கும் உடைக்கலாமாம், இடைக்கால உத்தரவு.

இன்று பதினொன்றரைக்கு வெடி.
நிற்கிற சனத்தில் சீலாவதி,
சுமனதாசவின் பெண்சாதி,
கையில் ஆஸ்பத்திரித் துண்டு.
சங்கு ஊதியாச்சா என்று சிங்களத்தில் கேட்கிறாள்.
தெரிந்துதான் கேட்கிறாள்.

தகரத்தை எடுத்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
அவள் விரல் மடக்கி எண்ணுகிறாள்.
அவளுக்கு இரண்டு கையும் தீர்ந்த பிறகும்
என் கை நிற்கவில்லை.

கொடி காலடியில் கிடக்கிறது.
ஒரு வாகனமும் நகரவில்லை.