ஒரு மணி ஐந்து நிமிடம்

கணினி சொல்கிறது:
தாஸ்-கூயெலிலிருந்து உரூங்-சீர்
முந்நூற்று எண்பத்தேழு கிலோமீட்டர்.
பறக்கும் நேரம் ஒரு மணி ஐந்து நிமிடம்.

பறக்க விமானம் இல்லை என்பதை
அது சொல்வதில்லை.
அதைச் சொல்லத்தான்
இந்தக் கவுண்டரில் எனக்குச் சம்பளம்.

மே மாதம். பனிச்சாலையை மூடியாகிவிட்டது.
உடைந்தும் உடையாமலும் கிடக்கிறது ஆறு,
லாரியும் இறங்காது, படகும் இறங்காது.
கோட்டுக்குள்ளிருந்து கெஸ்கில் எடுத்துவைத்தது
ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு.
"நியுர்குயானா மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்."

கணக்கு டீச்சர். தேர்வு மேற்பார்வைக்குப் போயிருக்கிறாள்.
அக்கரையில் நிற்கும் நாய் யாருடையது என்று
இக்கரையிலிருந்தே சொல்லிவிடுவாள்.
கையிலிருக்கும் வினாத்தாள்தான் கலங்கும்.

உருளைக்கிழங்கு மூட்டையையும் பயணிகளையும்
ஒரே தராசில்தான் நிறுக்கிறோம் இங்கே.
கூட்டை வைத்தேன். முள் அசையவில்லை.
எடை என்ற கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு போட்டேன்.

முதலில் தெற்கே, யாகுத்ஸ்க்,
ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
அங்கே வியாழன்வரை கிடக்க வேண்டும்.
பிறகு மறுபடி வடக்கே, வானம் மனம் வைத்தால்.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை;
போவதும் ஒரு மூக்குக்குத்தானே.

கெஸ்கில் சுவரிலிருந்த வரைபடத்தில்
கட்டைவிரலை வைத்துப் பார்த்தான்.
இரண்டு ஊரும் நகத்துக்கடியில் மறைந்துபோயின.
"கூப்பிடு தூரம்" என்றான்.
கூப்பிடவும் செய்தான் ராத்திரி; லைன் கிடைக்கவில்லையாம்.

வியாழன், பனிமூட்டம்.
வெள்ளி, பனிமூட்டம்.
சனிக்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது,
ஓடுபாதை சேறு.
ஞாயிறு யாரும் கேட்கவில்லை.
திங்கள் பைலட்டுக்குப் பல்வலி.

செவ்வாய் மதியம் உரூங்-சீரில் இறங்கியது விமானம்.
பின்கதவு வழியாகத் தபால் பையும்
அதற்குள் கண்ணாடியும் இறங்கின.
முன்கதவு வழியாக
தேர்வை முடித்துவிட்ட நியுர்குயானா ஏறினாள்.
இருபது நிமிடம்
இரண்டும் ஒரே ஓடுபாதையில் இருந்திருக்கின்றன.

வீடு வந்து சேர அவளுக்கு இன்னும் நான்கு நாள்.
நேற்று கவுண்டருக்கு வந்தாள்,
பார்சலைத் திருப்பி வரவழைக்க மனு எழுத.

தேர்வை எப்படி நடத்தினீர்கள் என்று கேட்டேன்.
வினாத்தாளைக் கரும்பலகையில் குத்திவிட்டு
கடைசி பெஞ்சில் போய் நின்று படித்தாளாம்.
பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம்.

படிவத்தில் இடத்தைக் காட்டினேன்.
கண்ணைச் சுருக்கினாள்.
"கொஞ்சம் தள்ளிப் பிடி."
நாற்காலியை விட்டு எழுந்து பின்னால் நகர்ந்தேன்.
"இன்னும்."
முதுகு தராசில் இடித்தது,
பின்னால் முள் துள்ளும் சத்தம்.
"இன்னும் கொஞ்சம்" என்கிறாள்.