இரண்டாம் பாதி

கிம்புலா பணிஸ் போலவே வளைந்து படுப்பாள்.
மூக்கில் சீனி தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள்.
அதனால் கிம்புலா.
கடிப்பதாலும்தான் என்கிறான் நெவின்.

நாலு மாதம். பதினொரு கிலோ.
முழங்கால்கள் மட்டும் வேறொரு நாயிடம்
இரவல் வாங்கியவை மாதிரிப் பெரிசு.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, வெள்ளை டைல்ஸ்.
"துடைக்கச் சுகம்" என்று சொல்லித்தான்
வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டோம்.
சமையலறை வாசலில் அவள் திரும்பினால்
மழையில் பிரேக் அடித்த பிரைவேட் பஸ்:
முன்பக்கம் வீட்டுக்கு வந்துவிடும்,
பின்பக்கம் இன்னும் பாமன்கடையில் நிற்கும்.
சிரித்தோம். வீடியோ எடுத்தோம்.

நெவின் என் தம்பி. ரக்பி உடம்பு.
வேலையால் வந்ததும் டையை அவிழ்த்து
ஒரு நுனியை அவள் பல்லுக்குக் கொடுத்துச்
சுற்றுவான், ராட்டினம் போல.
பந்தை மின்விசிறி உயரத்துக்கு எறிவான்.
அவள் எழும்பி, காற்றில் முறுகி,
இடுப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாய்
தொப்பென்று வந்து விழுவாள்.
"இன்னொருக்கா!"
கேட்டது அவனா அவளா, தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை
பின்னங்காலொன்றை அவள் தரையில் வைக்கவில்லை.
வைக்காமலே வாலாட்டினாள்.
அந்த வால்தான் என்னைப் பயப்படுத்தியது.

தெஹிவளையில் டொக்டர் இந்துனில்
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.
எலும்புக்கும் அதன் நுனிக்கும் நடுவே
கறுப்பாய் ஒரு கோடு.
"உடைஞ்சிட்டா?" என்றான் நெவின்.
"இல்ல," பாதித் தமிழில் சொன்னார்,
"அது வளர்ற இடம். இன்னும் மூடல்ல.
இது சுளுக்கு மட்டும். லக்."

வளர்கிற இடம் என்றால்
உடம்பிலேயே உறுதியான இடம் என்றிருந்தேன்.
குருத்து மாதிரி ஒரு மெல்லிய கீற்று,
கால் நீளுவது அங்கிருந்துதானாம்,
முதலில் நசுங்குவதும் அங்கேதானாம்.

டொக்டர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.
நெவினின் கை
தன் வலது முழங்காலின் பழைய தையலைக்
களிசானுக்கு மேலால் தடவிக்கொண்டிருந்தது.
பதினாறு வயசில்,
வீங்கிய காலில் ஊசி போட்டுக்கொண்டு
இரண்டாம் பாதிக்கு இறங்கினான்.
கோச் முதுகில் தட்டினார்.
நாங்கள் எழும்பி நின்று கைதட்டினோம்.
கிண்ணம் இன்னும் ஷோகேஸில் இருக்கிறது,
திங்கட்கிழமைகளில் நான்தான் தூசு தட்டுவது.

சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போய்
ரப்பர் விரிப்பு, தும்புப் பாய், பாத்ரூம் கால்மிதி,
ஒன்றோடொன்று சேராத நிறங்களில்
கிடைத்ததையெல்லாம் அள்ளி வந்து
ஹோல் முழுக்க விரித்தான்.
எதிர்வீட்டு ஃபரீனா ஆன்ட்டி எட்டிப் பார்த்து,
"என்ன, வீட்டுல விசேஷமா?"
"ஓம் ஆன்ட்டி, நாலு முழங்காலுக்கு."

டை அலுமாரிக்குப் போய்விட்டது.
சோபாவிலிருந்து அவள் குதிக்க முன்
யாராவது ஒருவர் பாய்ந்து பிடிக்கிறோம்,
தேநீர் கொட்டினாலும்.
லிஃப்டில் 'திருத்தவேலை' அட்டை மாதக்கணக்காய்த் தொங்க,
நாற்பத்தெட்டுப் படியும் தூக்கித்தான் இறக்குகிறோம்:
ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்னுக்கடியில்.
பதினொன்று பதின்மூன்றாகிப் பதினைந்தாயிற்று.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
நெவினின் முழங்கால் 'டிக்' என்கும்.
கிம்புலா காதைத் தூக்குவாள்.

தண்டவாளம் கடந்தால் கடற்கரை.
அலை இறுக்கிவிட்டுப் போன மணலில்
அவன் இப்போது பந்தை எறிவதில்லை.
அந்தப் பெரிய முதுகை வளைத்துக் குனிந்து
முட்டையை உருட்டுவது போல் உருட்டுகிறான்.
துரத்துவாள், கவ்வுவாள், நினைத்தால் படுத்துவிடுவாள்.
படுத்தால் முடிந்தது.
இரண்டாம் பாதி இல்லை.

நேற்று ஒரு நண்டு வந்தது.
யாரையும் கேட்காமல் பாய்ந்தாள்,
வானத்துக்கும் தரைக்கும் நடுவே நாலு காலும்.
நாங்கள் இருவரும் கையை நீட்டியபடி.
பின்னால் பாணந்துறை ரயில் போனது,
அவள் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

நண்டில்லாமல் திரும்பி வந்தாள்,
வாய் நிறைய மணல்.
நெவின் அவளைப் பார்க்கவில்லை.
குந்தியிருந்து அவள் வந்த தடத்தில்
ஒவ்வொரு குழியாய் விரல் விட்டு அளந்தான்.

நாலும் ஒரே ஆழம்.

எழும்பும்போதுதான்
என் தோளைப் பிடித்துக்கொண்டான்.