வந்த காரணம்

பச்சூர் வரைக்கும் பலகைகள் எனக்குப் படிக்க வரும்.
மல்லானூரில் எழுத்தெல்லாம் உருண்டுபோய்
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு டிக்.
எல்லாம் சரி என்று யாரோ
திருத்தி வைத்த விடைத்தாள் மாதிரி இருக்கு என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
சட்டைப் பையில் டெஸ்டர். மடியில் கட்டைப் பை.
பைக்குள் எள்ளுப்பொடி, குளிக்க ஒரு மக்கு,
எங்கள் கம்பெனியில் கழித்துப் போட்டதில்
ஐந்தாம் நம்பர் கறுப்பு ஷூ ஒரு ஜோடி.
இடது காலில் தையல் அரை நூல் விலகியிருக்கும்.
கடல் தாண்டிப் போகிற பெட்டிக்கு அது ஆகாது.
அமுலுவுக்கு ஆகும்.
விலகிய கை என்னுடையதுதானா என்று
ரயிலில் இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன்.

குப்பத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ.
ஹாஸ்டல் வாசலில் நீள நோட்டு.
பெயர். உறவு. வந்த நேரம்.
வந்த காரணம்.
கடைசிக் கட்டத்தில் அவருக்குப் பேனா நின்றுவிட்டது.
பணம் கட்ட வரவில்லை,
குழுக் கடனில் போன மாதமே கட்டியாயிற்று.
உடம்பு சரியில்லை என்று போன் வரவில்லை.
நாங்கள் சொல்ல வந்த கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை.
"சும்மாதான்" என்றார்.
வாட்ச்மேன் நோட்டை வாங்கி,
வியர்வை சொட்டச் சொட்ட,
வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்:
"ஊரிகே."
இவருக்கு முகம் மாறிவிட்டது.
"ஊருக்கு இல்லீங்க. பொண்ணைப் பார்க்க."
படியிறங்கி வந்த அமுலு சிரித்தாள்.
"தெலுங்குல சும்மாவுக்கு அதாம்ப்பா."
பிறகு அவரிடம் ஏதோ கடகடவென்று பேசினாள்.
அந்தக் குரலை
நான் அதுவரை கேட்டதில்லை.
நோட்டில் அவள் பெயர் ஹேமாவதி.

அப்பாக்களுக்கு வராந்தா வரைதான்.
மாடிக்கு நான் மட்டும் போனேன்.
மூன்று கட்டில், நான்கு பெண்கள்.
நான்காவது படுக்கை யாருடையது என்று கேட்கவில்லை,
சுருட்டி வைத்த பாய்மேல் அவள் துப்பட்டா கிடந்தது.
ஷூவைப் போட்டு
ஜன்னல் வரை நடந்து திரும்பி வந்தாள்.
"கடிக்கலம்மா" என்றாள்.
தையலைப் பார்த்தாளா, தெரியாது.
சுவரில் டைம்டேபிள். புள்ளியியல், புள்ளியியல், ஆங்கிலம், லேப்.
ஒவ்வொரு கிழமைக்கும் அடியில் பச்சை மையில்
ஏ, பி, ஏ என்று.
என் ஷிப்ட்.
எனக்கே தடுமாறும் வாரமாற்றம்
அங்கே தப்பில்லாமல் இருந்தது.
மேலே ஃபேன்
இறக்கையை எண்ணிவிடலாம் போல
முனகிக்கொண்டே சுற்றியது.
"அப்பாகிட்ட சொல்லாதே" என்றாள்.

கீழே வந்தபோது
வாட்ச்மேனின் டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தார் இவர்.
கடைசித் திருகை முடுக்கி ஸ்விட்ச்சைத் தட்டினார்.
நோட்டின் பக்கங்கள் படபடத்துத் திரும்ப
எங்கள் பெயர் எங்கேயோ போனது.
வாட்ச்மேன் அதன்மேல் வைக்க ஒரு கல் தேடிக்கொண்டிருந்தார்.
மணி ஐந்து.

மல்லானூரில் எதிர்வண்டிக்காக நிறுத்திவிட்டான்.
"ஜன்னல் எந்தப் பக்கம்?"
கிழக்கு என்றேன், குத்துமதிப்பாக.
"பிளக் பாயிண்ட்?"
தலைமாட்டில்.
"ஃபேன்?"
நல்லா ஓடுது.

தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"போன்ல தினம் கேக்கறேனே அந்தச் சத்தத்தை.
கண்டென்சர் போயிருக்கு.
புதுசு ஒண்ணு வாங்கிட்டுத்தான் வந்தேன், எழுபது ரூபாய்.
பத்து நிமிஷ வேலை.
மேலே விடமாட்டேன்னுட்டான்.
பாவம், அந்த ஆளும் வேர்த்துக் கொட்டிக்கிட்டு..."

வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்
பச்சை மையைப் பற்றிச் சொன்னேன்.
ஏ, பி, ஏ.
கேட்டுக்கொண்டே டெஸ்டரைத் துடைத்தார்.
"செவ்வாக்கிழமை கடை லீவு.
அதையும் போட்டிருக்காளா?"

நான் அதைப் பார்க்கவில்லை.
போட்டிருக்கா என்றேன்.

வண்டி கிளம்பியது.
பச்சூர் பலகை வந்தது.
படித்தேன்.