அறை 1114, அவசர இஸ்திரி

மனாமா, ஜுபைர் பக்கம்.
வெளியே நாற்பத்து நாலு டிகிரி.
உள்ளே நீராவிப் பெட்டி மூச்சு விடுகிறது.
கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு
கண்ணாடி முன் நின்று
ராத்திரிப் பேச்சை ஒத்திகை பார்க்கிறாள்
லொரெட்டா ஹேன்ஸ். எழுபத்தொன்பது வயது.
ஏதோ ஒரு மாநிலத்தின் பேர் சொன்னாள்,
அங்கிருந்து சபைக்குப் போன முதல் பொம்பளை.

என் இங்கிலீஷ் ஓட்டை.
ஆனால் எண்கள் ஒழுகுவதில்லை:
முதல் தேர்தல், இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோல்வி.
அடுத்தது ஒன்பதில்.
அந்த ஒன்பது பேரை இன்னும் தேடுகிறாளாம்.
மூன்றாவதில் வாக்குச்சீட்டில் அச்சானது
"திருமதி வால்டர் ஹேன்ஸ்."
வால்டர் ஜெயித்தான், என்றாள்,
நான் போய் உட்கார்ந்தேன்.

சபை மாடியில் ஆண்களுக்கு மட்டும் கழிப்பறை.
இவளுக்கு அறுபத்து நாலு படி கீழே.
ஒருமுறை ஏறி வருவதற்குள்
பள்ளிக்கூடச் சாப்பாட்டு மசோதா
ஒரே ஓட்டில் விழுந்துவிட்டது.
அந்த இடத்தில் பேச்சு நின்றது.
தண்ணீர் குடித்தாள்.
காகிதத்தில் அந்த வரியை அடித்தாள்,
பிறகு அடித்ததன் மேலேயே திரும்ப எழுதினாள்.

கோட்டைப் புரட்டினேன்.
நீலத் துணியில் கறுப்பு நூலால்
தானே தைத்த உள்பை. கோணல் தையல்.
நான் தைத்திருந்தால் சூப்பர்வைசர் பிரித்திருப்பாள்.
உள்ளே விரல்கணு அளவு பென்சில்.
பெண்கள் கோட்டுக்கு எவன் பை வைத்தான், என்றாள்,
தலை எண்ணப் பென்சில் வேண்டாமா?

என் அட்டையில் மேரி என்றிருக்கிறது.
மரகதவல்லி அதில் கொள்ளவில்லை.
மேரி, நீ யாருக்குப் போடுவாய்?

போன தேர்தலுக்கு லீவு சொல்லி
இரண்டு மாதச் சம்பளத்தில் டிக்கெட் எடுத்துப்
பரமக்குடிக்குப் போய் வரிசையில் நின்றேன்.
பட்டியலில் என் பேர் மேல் ஒரு கோடு:
இடம்பெயர்ந்தவர்.
அங்கே போனவள். இங்கே வந்தவள்.
இதையெல்லாம் எப்படிச் சொல்வது.
"நோ லிஸ்ட், மேடம்" என்றேன்.

ஐயோ பாவம் என்று சொல்லவில்லை அவள்.
கையை நீட்டிப் பென்சிலை வாங்கிக்கொண்டாள்.
உன்னைப்போல் எத்தனை பேர்?

போன் அடித்தது. 1120க்கு இரண்டு சட்டை.
கோட்டை மாட்டிவிட்டேன், தோளில் சரியாக உட்கார்ந்தது.

சர்வீஸ் லிப்ட் பழுது.
படியில் இறங்கும்போது
குதைபியாவில் என் அறையில் ஆறு,
எதிர் அறையில் எட்டு,
லாண்டரியில் பத்மாவதியைச் சேர்த்தால் ஐந்து,
மெஸ்ஸில்