லேசான கசிவு

ஜெல் குளிர்ந்தது.
இடப்பக்கம் திரும்பச் சொல்ல வாயெடுத்தாள் எக்கோ மிஸ்,
நான் அதற்குள் திரும்பியிருந்தேன்.
முப்பத்தைந்து வயதில்
இந்தக் கட்டிலில் எந்தக் கையை எங்கே வைப்பதென்று
யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

திரையில் அது திறந்து மூடுகிறது.
மூடும்போது ஒரு நீலத் தீற்று
வந்த வழியே திரும்பிப் பாய்கிறது.
"டிக்கக் லீக்" என்கிறாள்,
சம்பலில் உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது என்பதுபோல.

நான் பழைய சோனகத் தெருவில்
குழாய்ச் சாமான் கடையொன்றில் கணக்கெழுதுகிறவள்.
ஒழுகும் வால்வுகள் நாளுக்கு நாலு
என் மேசைக்குத் திரும்பி வரும்.
பில் இருக்கா, எப்ப வாங்கினது,
ஒரு வருசம் தாண்டினால் ஏலாது அண்ணே.

எனக்கு ஏழு வயதில் தைத்தது.
தொண்டை நோவில் தொடங்கி, முழங்காலில் வீங்கி,
கடைசியில் நெஞ்சில் போய்க் குந்திய காய்ச்சல்.
மாற்றவில்லை, தைத்திருக்கிறோம் என்றாராம் சர்ஜன்,
பிள்ளை வளர அதுவும் வளரும் என்று.
அந்த ஒரு வசனத்தை அப்பா
கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.
எத்தனை வருசத்துக்கு என்று மட்டும் கேட்கவில்லை.

மூன்று கிழமைக்கு ஒருக்கா பெனிசிலின்,
இடுப்பில், வலம் ஒருக்கா, இடம் ஒருக்கா.
ஓ.எல். கணித சோதனையை
ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்து எழுதினேன்.

பக்கத்துக் கட்டில் ரிஸ்கானுக்கும்
அதே கிழமை, அதே கை, அதே நூல்.
பதினாறில் அவனுடையது விட்டுவிட்டது.
இப்போது உலோகம்.
வாஃபரின் போடுகிறான், கீரையை அளந்து தின்கிறான்.
மழை விட்ட இரவுகளில் அவன் மனைவிக்கு
டிக் டிக் கேட்குமாம்.
மணிக்கூடு வாங்குற செலவு மிச்சம் என்பான்.
யாருடையது ஏன் பிடித்தது, ஏன் விட்டது என்று
நாங்கள் கதைத்ததேயில்லை.

புது டொக்டர் கொப்பியைப் புரட்டுகிறார்.
பழைய ஃபைல் இல்லை,
வெள்ளத்திலோ கறையானிலோ போயிருக்கும்.
என்ன தையல், வளையம் போட்டதா என்று என்னைக் கேட்கிறார்.
எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்:
விழித்தபோது தண்ணீர் தரவில்லை,
பஞ்சை நனைத்து உதட்டில் தடவினார்கள்.
அது எந்த வருசம் என்றார். சொன்னேன்.
தான் பிறந்த வருசம் என்றார், கொஞ்சம் வெட்கப்பட்டு.

இடது அறை பெருக்கவில்லையாம்.
"நல்ல வேலை" என்றார்,
எனக்கல்ல,
முன்பின் கண்டிராத யாரோ ஒருவரின் விரல்களுக்கு.

"இன்னும் எத்தனை வருசத்துக்கு?"
அப்பா கேட்காததை நான் கேட்டேன்.
பேனையை மூடினார், திறந்தார்.
"பலமு" என்றார்.
பார்ப்போம் என்று அர்த்தம்.
என் காதில் முதலில் பலம் என்றுதான் விழுந்தது.

அடுத்த திகதியைக் கதவடியில் வாங்கிப் பார்த்த மிஸ்
நாக்கைச் சப்புக்கொட்டினாள்.
அன்று போயா, கிளினிக் இல்லை.
வெட்டிவிட்டு மறுநாளைப் போட்டாள்.

ஒரு வருசமும் ஒரு நாளும்.

மருதானைப் பக்கமாக இறங்கி நடந்தேன்.
பதினொன்றரைக்கு லொறி வரும்,
பெட்டி எண்ண வேண்டும்.