இரண்டு அங்குலம்

லாட் எண் நூற்றுப் பதினெட்டு.
லீவர் இழுத்துச் சுடும் ரைஃபிள்; தொள்ளாயிரத்து ஏழில் செய்தது.
குழலின் நீலம் அறுபது விழுக்காடு மிச்சம்.
மற்ற நாற்பதை
யாரோ ஒருவரின் உள்ளங்கை கொண்டுபோயிருக்கிறது.

இப்படி எழுத எனக்குச் சம்பளம் இல்லை.
'நீலம் 60' என்று எழுதத்தான் தருகிறார்கள்.

மொன்டானாவில், லூயிஸ்டவுன் கால்நடைச் சந்தைக்குப் பின்னால்
எங்கள் ஏலக்கூடம்.
பழைய துப்பாக்கிக்கு இங்கே ஒரு விசித்திர நியாயம்:
தேய்ந்திருக்கலாம், தேய்த்திருக்கக் கூடாது.
துருவுக்கு மன்னிப்பு உண்டு,
துருவைச் சுரண்டிய கைக்கு இல்லை.
ஆசையாக மெருகேற்றிக் கொண்டுவருகிறவரிடம்
பாதி விலை சொல்லும்போது
துக்கம் கேட்க வந்தவன் குரல் எனக்கு.

இதற்கும் அதே குரல்தான்.
பின்கட்டை அறுபட்டிருந்தது,
சரியாக இரண்டு அங்குலம்.
ரம்பம் ஒருமுறை வழுக்கி
மறுபடி ஊன்றிய வடு.

"என் மாமியார் ஹுல்டாவின் வேலை" என்றார்
கொண்டுவந்த ஆர்டிஸ் க்வாமி.
"முப்பத்தாறில் மாமனார் அணைக்கட்டு வேலைக்குப் போய்விட்டார்.
அவர் தோளுக்கு வாங்கிய துப்பாக்கி,
இவள் விரலுக்கு விசை எட்டவில்லை.
உருளைக்கிழங்கு தீர்ந்த வாரம் அறுத்துவிட்டாள்."

பிறகு ஐந்து மான், ஓர் எல்க்.
சட்டப்படி ஒன்றுகூடக் கிடையாது.
நான்கு வீட்டு அடுப்பில் இறைச்சி வெந்தது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
ஐந்தாவது வீடு வேட்டைக் காவலருடையது என்பதும்.

திரும்பிவந்த மாமனாரின் தோளில்
அது விளையாட்டுச் சாமான்போல் நின்றதாம்.
ஒன்றும் பேசவில்லை.
அதற்குப் பிறகு வேட்டைக்காலம் முழுக்க
அவர்தான் ரொட்டி சுட்டார்.

"நல்ல மனுஷியா?" படிவத்தை நிரப்பியபடி கேட்டேன்.
"முப்பது வருடம் என் சமையலைச் சாப்பிட்டாள்.
உப்பு சரியாக இருக்கிறதென்று
ஒருநாள் சொன்னதில்லை."

நான் எழுதினேன்:
பின்கட்டை குறைக்கப்பட்டுள்ளது. மதிப்பு பாதிக்கப்படும்.

பார்வை நாளில் டல்லஸிலிருந்து ஒரு சேகரிப்பாளர்,
வென்டல் ஸ்ட்ரிக்லர்.
வெள்ளைக் கையுறை போட்டு,
பிறந்த குழந்தையின் கழுத்தைத் தாங்குவதுபோல் எடுத்தார்.
வரிசை எண்ணைப் பார்த்தார், மூச்சு மாறியது.
அறுத்த இடத்தைப் பார்த்தார், கீழே வைத்தார்.

மாவட்ட அருங்காட்சியகத்து டெல்லாவிடம் நானூறு டாலர்,
அதில் எண்பது கேக் விற்ற காசு.
அவளுக்கு வேண்டியதே அறுத்த இடம்தான்.
மற்ற இரும்பும் மரமும்
அதைத் தூக்கிப் பிடிக்கும் தாங்கி.

அப்போதுதான் ஆர்டிஸ் கைப்பையைத் திறந்தார்.
ஒரு வால்நட் துண்டு.
ஒரு முகத்தில் எஃகுத் தகடு, மறுமுகத்தில் ரம்பத்தின் பல்.
"இதற்கும் ஏதாவது கிடைக்குமா?
அன்றிலிருந்து பின்கதவுக்கு ஆப்பு."

ஸ்ட்ரிக்லர் கையுறையைக் கழற்றினார்.
துண்டைக் கட்டையோடு சேர்த்துப் பிடித்தார்.
மரத்தின் வரி,
ஓடையில் இறங்கி எதிர்க்கரை ஏறும் ஒற்றையடிப் பாதையாக
அப்படியே தொடர்ந்தது.
ஒட்டிவிடலாம் என்றார்.
அறுத்ததே தெரியாது என்றார்.
ஒன்பதாயிரம் என்றார்.

டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூரை ஒழுகுகிறதென்று
காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தார் ஆர்டிஸ்.
துண்டை வாங்கி, பாவாடையில் துடைத்து,
பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.
"காற்றடித்தால் அந்தக் கதவு அடித்துக்கொள்ளும்."
வேறு காரணம் சொல்லவில்லை.

சனிக்கிழமை, லாட் நூற்றுப் பதினெட்டு
நானூற்றுப் பத்து டாலருக்கு
அருங்காட்சியகத்துக்குப் போனது.
அந்தப் பத்து எங்கிருந்து வந்ததென்று கேட்காதீர்கள்,
வேட்டைக் காவலரிடம் யாரும் கேட்கவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க
ஓர் அட்டை எழுதித் தரச் சொன்னாள் டெல்லா.
'நீலம் 60' என்று ஆரம்பித்துவிட்டேன்.
பழக்கம்.