டூபே

உடுமலை லோடு இறக்கிய இரவு
யாரும் கேட்டு வராத மூட்டைகளுக்குப் பின்னால்
ஒரு சத்தம்.
கதவுக் கீல் என்றுதான் நினைத்தேன்.
சோணைமுத்து டார்ச் அடித்தான்.
கிழிந்த சாக்குக்குள் மூன்று.
இரண்டு ஏற்கெனவே சில்லிட்டிருந்தன.
தாய்?
கீழமாரட் வீதியில் விடிய விடிய
லாரி ரிவர்ஸ் எடுக்கிறது.
அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பார்சல் ஆபீஸ் தராசு
ஒரு கிலோவுக்குக் கீழே எதையும் மதிக்காது.
வைத்துப் பார்த்தேன்.
முள் அசையவில்லை.
காலையில் ஏலக்காய்க் கடைத் தட்டில்
ஈஸ்வரபாண்டி காகிதம் விரித்து வைத்தான்.
எழுபத்தெட்டு.
'ஏலக்கான்னா இருநூத்திச் சொச்சம்ணே'
என்று சிரித்து
சுவரில் பென்சிலால் குறித்துக்கொண்டான்.

பெயர் வைத்தது சோணைமுத்து.
அனுப்புகிறவன் காசு கட்டாத சரக்கில்
நாங்கள் குத்தும் முத்திரை, டூபே.
வாடகை, வாங்குகிறவன் தலையில்.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா
பசும்பால் ஆகாது என்றார்.
மாவு டப்பா விலையைச் சொன்னார்.
'தினம் கொஞ்சமாவது ஏறணும்.
ஏறலன்னா...'
அடுத்த டோக்கன், கழுத்தில் புண்ணோடு ஒரு காளை,
உள்ளே வந்துவிட்டது.

ஊசியில்லாத சிரிஞ்சில்
இரண்டு மணிக்கொரு தரம் மூன்று சொட்டு.
சித்திரை வெயிலில் மதுரையே வெந்துகொண்டிருக்க
அதற்கு மட்டும் குளிர்.
குவார்ட்டர் பாட்டிலில் வெந்நீர் அடைத்து
என் சாக்ஸை மாட்டிப்
பக்கத்தில் படுக்க வைத்தேன்.
பாட்டிலைத் தேடித் தேடி முட்டியது.
அம்மா என்று நினைத்ததோ என்னவோ,
நான் திருத்தவில்லை.

ஈரப் பஞ்சால் வயிற்றைத் தடவினால்தான்
ஒன்றுக்குப் போகும்.
தாயின் நாக்கு செய்கிற வேலையை
பில்டி எழுதும் விரல் செய்தது.
முதல் தடவை உள்ளங்கை நனைந்தபோது
'போயிருச்சுடா!' என்று கத்திவிட்டேன்.
லோடுமேன்கள் ஓடிவந்தார்கள்,
என்னமோ மூட்டை சரிந்துவிட்டது என்று.

எழுபத்தொன்பது.
எழுபத்தாறு.
எழுபத்தொன்று.

மூன்றரை மணிக்கு
தக்காளி லாரி ஹாரன் அடித்துப் போனது.
காது திறக்காத குட்டி
அதற்கும் ஒரு தரம் நடுங்கிற்று.
வாய் திறந்தது.
கொடுத்த பால்
மூக்கு வழியாக வெளியே வந்தது.

அவசரப்பட்டு அழுத்திவிட்டேனா?
'பொறப்புலயே வலுவில்லண்ணே'
என்றான் சோணைமுத்து.
அது குட்டிக்குச் சொன்னதில்லை,
எனக்குச் சொன்னது.
தெரிந்தும் தலையாட்டினேன்.
சிரிஞ்சைக் கழுவும்போது
மறுபடியும் கேட்டேன், அழுத்திவிட்டேனா?

புதைக்க மண் வேண்டுமே.
நாலு வீதியும் சிமெண்டு.
ஆபீஸ் வாசலில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி
நாலு மாதமாக மூடாத பள்ளம்.
மாநகராட்சியை நாங்கள் திட்டாத நாளில்லை.
உள்ளே இறங்கினால்
முழங்கால் ஆழத்தில் ஈர மண்,
கறுப்பாக, குளிர்ச்சியாக.
இத்தனை லாரிக்கும் கீழே
அது பாட்டுக்கு இருந்திருக்கிறது.
சாக்ஸோடு வைத்தோம்.

காலையில் லீவு கேட்டேன்.
'யாருக்கு என்ன?' என்றார் முதலாளி.
வயிறு சரியில்லை என்றேன்.
அது செல்லுபடியாகும் காரணம்.
பகலெல்லாம் தூங்க முடியவில்லை.
இரண்டு மணிக்கொரு தரம்
கை எதையோ துழாவியது.

வியாழனன்று பள்ளத்தை மூடிவிட்டார்கள்.
ஜல்லி, சிமெண்டு, தண்ணீர்.
சனிக்கிழமை அதன் மேல் நின்று
சோணைமுத்து லாரிக்குக் குரல் கொடுத்தான்,
'வா... வா... வா...'
பிறகு ஏனோ நாலடி தள்ளி நின்றுகொண்டு
'போதும், ஹோல்டேய்' என்றான்.

டீ வாங்கப் போனவனை
ஏலக்காய்க் கடை கூப்பிட்டது.
'என்னண்ணே, ஆளையே காணோம்?'
'வீட்ல வச்சே எடை பாத்துக்கிறேன்.'
'இன்னைக்கு எவ்வளவு?'
'எண்பத்திரண்டு.'
காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து
எழுபத்தொன்றுக்குக் கீழே
எழுதிக்கொண்டான்.